காட்டின் முகமும் குரலும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு ஒரு மனக்குறை உண்டு. மலையாளத் திரைப்படங்கள் சிலவற்றில் 'பாண்டி' என்னும் ஏளனச் சொல்லோடு தமிழன் தோன்றுவான், கொட்டகை சிரிக்கும், நாம் முகம் சுளிப்போம். நம்மை அறியாதார் நம்மை வரைந்து காட்டுவதால் எழும் நோவு அது. அந்நோவை அறிந்த நாம், திரையில் பழங்குடி மக்கள் தோன்றும்போது என்ன செய்கிறோம்? சிரிப்பவரோடு சேர்ந்து சிரித்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இலையுடுத்து, தீயைச் சுற்றியாடி, பொருளற்ற ஒலிகளைக் கூவும் கூட்டத்தையே தமிழ்த் திரையும் மலையாளத் திரையும் நெடுங்காலம் பழங்குடியினர் என்று காட்டி வந்தன. 2002-இல் வெளிவந்த 'பாம்பூ பாய்ஸ்' அவர்தம் அறியாமையையே நகைச்சுவையாக்கியது. இவ்விகழ்ச்சி வெளிப்படையானது. பரிவோடு எடுத்த படங்களில் நேரும் குறையோ எளிதில் புலப்படுவதில்லை.

பி. வத்சலாவின் நாவலைத் தழுவி ராமு காரியாட் 1974-இல் அளித்த 'நெல்லு', வயநாட்டுத் திருநெல்லியின் அடியர் மக்களை மதிப்போடு காட்ட முற்பட்ட படம். அதற்காக லதா மங்கேஷ்கர் பாடிய பாடலே அவர் மலையாளத் திரைக்குப் பாடிய ஒரே பாடல். இனிய பாடல்தான், ஆயினும் அதில் அடியரின் குரல் இல்லை.

2020-இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் குலத்து நஞ்சியம்மா தம் மொழியிலேயே பாடினார். 2022-இல் அவருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. தமிழுக்கு மிக நெருங்கிய அம்மொழி நம் செவிக்கு அயலாகத் தோன்றவில்லை. எனினும் படத்தின் கதை ஒரு காவல் அதிகாரிக்கும் முன்னாள் படைவீரருக்கும் மூண்ட பகையே. நம் அலுவலகக் கோப்புகள் சிலவற்றில் எல்லோருடைய குறிப்பும் இருக்கும். மனுதாரரின் மனு மட்டும் இராது. அத்தகைய கோப்பே இதுவும்.

2021-இல் வெளியான 'ஜெய் பீம்' இருளர் படும் கொடுமையை நாடறியச் செய்தது. செங்கேணியின் உறுதி நம்மை உலுக்கியது. ஆனால் அதற்கு மூலமான 1993-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் உயிரிழந்தவர் குறவர் சமூகத்தவர். ஒரு குலத்தாரின் துயரை மற்றொரு குலத்தாருடையதாக மாற்றிக் காட்டினும் நாம் வேறுபாடறியோம் என்பது படத்தைவிட நம் அறியாமைக்கே சான்று.

பிரியநந்தனன் இயக்கிய 'தபாரி குருவி' 2022-இல் வேறொரு வழி காட்டியது. பழங்குடியினரே நடித்து, இருளர் மொழியிலேயே பேசிய படம் அது. அதைக் கண்டோர் நம்மில் எத்தனை பேர்?

நம் சங்கத்தார் ஆண்டுக்கொரு முறையேனும் இத்தகைய படமொன்றைத் திரையிட வேண்டும். 'பாண்டி' என்னும் சொல்லுக்கு வருந்தும் நாம், நம் பிள்ளைகள் பிறரைப் பார்த்து நகைக்காதிருக்கக் கற்பிக்கவும் கடமைப்பட்டுள்ளோம்.