சிற்றுண்ணியைப் பற்றி நாம் எழுதுவது சரிதானா?

தமிழில் உடல்நலம் பற்றி எழுதுவோர் பெருகியுள்ளனர். சிறு நூல்கள், சுவரொட்டிகள், நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்கள், கைப்பேசியில் வலம்வரும் படங்கள் எனப் பல வழிகளில் மருத்துவச் செய்திகள் மக்களை அடைகின்றன. இது வரவேற்க வேண்டிய வளர்ச்சியே. ஆனால், சென்று சேரும் செய்தி சரியானதுதானா என்பதையும் அவ்வப்போது சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இக்கட்டுரையில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். வீட்டில் வாழும் சிற்றுண்ணிகளால் தோலில் உண்டாகும் அரிப்பும் தடிப்புமே அது.

தூத்துக்குடி போன்ற துறைமுக நகரில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஈரம் சுமந்து வரும் கடற்காற்று, தானியமும் கருவாடும் அடுக்கிய கிட்டங்கிகள், அவற்றைத் தேடி வரும் எலிகள், நெருக்கமான குடியிருப்புகள் ஆகிய யாவும் இங்கு உண்டு. நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். எனினும் அளவு, ஈரப்பதம், வெப்பம் ஆகியவை பற்றிய செய்திகளே இப்பொருளின் பாதிப் பகுதி என்பதால், அவற்றைச் சரிபார்க்கும் உரிமை எனக்கும் உண்டு என்று கருதுகிறேன்.

பெயரில் குழப்பம்

முதற்குறை பெயரில் தொடங்குகிறது. சிற்றுண்ணி பூச்சி அன்று. வளர்ந்த பூச்சிக்குக் கால்கள் ஆறு. வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டு. அது சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. ஆனால், மருத்துவச் சிறுநூல் இதைப் ‘பூச்சி’ என்கிறது. சில வேளைகளில் ‘கிருமி’ என்கிறது. வேளாண்மை வெளியீடுகள் ‘சிலந்தி’ என்றும் ‘சிலந்திப் பேன்’ என்றும் எழுதுகின்றன. மிளகாய் பயிரிடுவோர் நன்கறிந்த முரணை நோயை உண்டாக்குவதும் ஒரு சிற்றுண்ணியே என்பதை, இப்பெயர்களைக் கொண்டு எந்த மாணவர் ஊகிக்க முடியும்?

பெயர்க் குழப்பம் மருந்துக் குழப்பமாக முடிகிறது. நம் தோலுக்குத் தொல்லை தரும் சிற்றுண்ணிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது சொறிச் சிற்றுண்ணி. இது மனிதத் தோலைக் குடைந்து அதற்குள்ளேயே வாழ்ந்து முட்டையிடுகிறது. இரண்டாவது தூசிச் சிற்றுண்ணி. இது கடிப்பதே இல்லை. மெத்தையிலும் தலையணையிலும் உதிர்ந்து கிடக்கும் நம் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. அதன் கழிவுத்துகள்களே ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலையும் இளைப்பையும் தருகின்றன. கரப்பான் உள்ளவர்களுக்கு அதை மிகுவிக்கின்றன. மூன்றாவது, சேமித்த பொருள்களில் வாழ்வது. நான்காவது, எலி, கோழி, புறா ஆகியவற்றின் இரத்தத்தைக் குடிப்பது. அவை கிடைக்காதபோது மனிதனையும் கடிக்கும்.

மூன்றாம் வகைக்கு நமக்கு அடுத்த கரையிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெலானி, கொப்பரை ஆலைத் தொழிலாளரின் கை, கால், உடல் ஆகியவற்றில் அரிப்புடன் கூடிய கொப்புளங்களைக் கண்டார். பார்வைக்கு அது சொறி போலவே இருந்தது. ஆனால், தோலில் குடைந்த வளைகள் இல்லை. கொப்பரையில் பெருகியிருந்த ஒருவகைச் சிற்றுண்ணியே காரணம் என்று அவர் 1912-இல் எழுதினார். ‘கொப்பரை அரிப்பு’ என்னும் பெயர் அதனால் மருத்துவ நூல்களில் ஏறியது. இந்த அரிப்பைச் சொறி என்று எண்ணி ஒரு தொழிலாளிக்கு எத்தனை முறை களிம்பு பூசினாலும், மறுநாள் அவர் அதே கொப்பரைக் குவியலில்தானே கை வைக்கப் போகிறார்? கொழும்பில் ஒரு நூற்றாண்டுக்கு முன் பிரித்துணர்ந்த இவ்வேற்றுமையை நம் சிறுநூல்கள் இன்னும் சொல்வதில்லை.

அளவில்லாத படங்கள்

இரண்டாம் குறை படங்களில் உள்ளது. மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த, கொடுக்கும் முள்ளுமாய்த் தோன்றும் அரக்க உருவம் ஒன்றைப் பக்கம் நிறைய அச்சிடுகிறார்கள். அடியில் உருப்பெருக்கம் எவ்வளவு என்ற குறிப்பு இல்லை. எந்த வகைச் சிற்றுண்ணி என்ற குறிப்பும் இல்லை. சொறிச் சிற்றுண்ணியின் பெண் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் நீளமுடையது. அது 10 செ.மீ. நீளப் படமாக அச்சாகியிருந்தால் உருப்பெருக்கம் 250 மடங்கு. இந்த ஒரு வரியைச் சேர்த்தால் அச்சம் குறைந்து அறிவு கூடும். நம் கண் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் வரை பிரித்தறிய வல்லது. எனவே இவ்வுயிர் கண்ணுக்குத் தெரியும் எல்லையில், ஒரு வெண்புள்ளி அளவில் இருப்பது. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்றே அதை 4 மில்லிமீட்டராகக் காட்டிவிடும்.

தவறான படம் என்ன தீங்கு செய்யும் என்று கேட்கலாம். வரலாறு விடை கூறுகிறது. 1687-இல் இத்தாலியத் துறைமுகமான லிவோர்னோவில் போனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும் சொறிக் கொப்புளத்திலிருந்து எடுத்த உயிரை நுண்ணோக்கியில் கண்டு, படமும் வரைந்து வெளியிட்டனர். மருத்துவ உலகம் அதைப் போற்றவில்லை. 1812-இல் பாரிசில் கலேஸ் என்பவர் தாமும் கண்டதாகக் கூறிப் படங்களை வெளியிட்டார். அவை பாலாடைக் கட்டியில் வாழும் வேறொரு சிற்றுண்ணியின் படங்கள் என்று பின்னர் ராஸ்பைல் காட்டினார். இதனால் சொறிச் சிற்றுண்ணி என்பதே கட்டுக்கதை எனப் பலர் முடிவு கட்டினர். 1834-இல் ரெனூச்சி என்ற கோர்சிகத் தீவு மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்வதுபோல ஊசிமுனையால் அதை எடுத்துக் காட்டிய பிறகே ஐயம் நீங்கியது. ஒரு பொய்ப்படம் உண்மையை இருபது ஆண்டுகளுக்கு மேல் மறைத்துவிட்டது. தூசிச் சிற்றுண்ணியின் படத்தைப் போட்டு ‘சொறி’ என்று தலைப்பிடும் நம் பதிப்பாளர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘அழுக்கு’ என்னும் பழி

மூன்றாம் குறையே மிகக் கொடியது. ‘சுத்தமின்மையால் வருவது சொறி’ என்ற ஒரு வரி ஏறக்குறைய எல்லாச் சிறுநூல்களிலும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி இதனைச் சோதித்தார். நோயாளிகள் பயன்படுத்திய கம்பளிகளில் தன்னார்வலர்களைத் துயிலச் செய்தார். மிக அரிதாகவே நோய் தொற்றியது. உடலோடு உடல் நெடுநேரம் ஒட்டியிருப்பதே முதன்மை வழி என்று தெரிந்தது. நோயாளி ஒருவரின் உடலில் இருந்த வளர்ந்த பெண் சிற்றுண்ணிகள் சராசரியாகப் பதினொன்று அளவே என்பதையும் அவர் எண்ணிக் காட்டினார். நாள்தோறும் குளிப்பவரையும் இது தொற்றும். தோலுக்குள் குடைந்திருப்பதைச் சோப்பு நீர் எட்டாது. ஒரே பாயில் நால்வர் படுக்க வேண்டிய வீட்டில் இது பரவுவது இடமின்மையால். அதை அழுக்கு என்று எழுதுவது, வறுமையைக் குற்றமாக்குவது ஆகும்.

மெல்லன்பி கண்ட இன்னொரு செய்தியும் உண்டு. முதன்முறை தொற்றும்போது ஏறத்தாழ நான்கு வாரங்கள் அரிப்பே தோன்றுவதில்லை. மறுமுறை தொற்றினால் ஓரிரு நாளில் அரிப்புத் தொடங்கிவிடுகிறது. காரணம், தடிப்பு என்பது சிற்றுண்ணியின் வேலை மட்டும் அன்று. அயற்பொருளை உணர்ந்த உடல் காட்டும் எதிர்வினை. எங்கள் ஊரில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பிக்குள் சிறு மணியையும் திசுத் துணுக்கையும் வைத்து முத்து வளர்த்துக் காட்டினர். நுழைந்த பொருளைச் சிப்பி முத்துப்பூச்சால் மூடுகிறது. நம் தோலோ சிவந்து தடிக்கிறது.

இந்தக் காலத் தாழ்வைச் சொல்லாத நூல் தீங்கே செய்கிறது. மாணவர் விடுதி ஒன்றில் அரிப்புடன் இருந்த ஒரு மாணவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பினர். உடன் படுத்தவர்களுக்கு மருந்து தரவில்லை. அடுத்த மாதம் அதே அறையில் மூவருக்கு அரிப்பு. அம்மாணவனுக்குக் கிடைத்தது ‘அழுக்கன்’ என்ற பட்டம். அரிப்பில்லாதவர் உட்பட உடன் வாழ்வோர் அனைவருக்கும் ஒரே நாளில் மருத்துவம் செய்ய வேண்டும் என்ற ஒரு வாக்கியம் இதைத் தடுத்திருக்கும். 2017-இல் உலக நலவாழ்வு நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அப்புறக்கணிப்பில் நம் எழுத்துக்கும் பங்குண்டு.

நஞ்சு தெளிக்கும் அறிவுரை

நான்காம் குறை, ‘வீடு முழுவதும் பூச்சிமருந்து தெளியுங்கள்’ என்ற அறிவுரை. சொறிச் சிற்றுண்ணி மனித உடலை விட்டுப் பிரிந்தால் பொதுவாக இரண்டு, மூன்று நாள்களுக்கு மேல் வாழ்வதில்லை. துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். ‘பொருக்குச் சொறி’ என்னும் கடுமையான வகையில்தான் ஒருவர் உடலில் ஆயிரக்கணக்கில் பெருகிப் படுக்கை வழியாகவும் எளிதில் பரவுகின்றன.

தூசிச் சிற்றுண்ணியின் கதை வேறு. அது நீர் பருகுவதில்லை. காற்றின் ஈரத்தையே உடலில் ஈர்த்துக்கொள்கிறது. ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே பல நாள் நீடித்தால் அது வற்றி மடிகிறது. எனவே கடற்கரை ஊரில் அதன் பகை நஞ்சு அன்று. வெயிலும் வறண்ட மேல்காற்றும்தான். அதன் கழிவுத்துகள் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் விட்டமுடையது. ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டால் அது நொடிக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று மிகுதியான விரைவில் விழும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் தரையை அடையும். ஆகவே அமைதியான அறையைவிடப் படுக்கையை உதறும் பொழுதே இடர் மிகுதி. இளைப்பு உள்ளவர் அருகில் இல்லாதபோது, வெளியே கொண்டுபோய் உதற வேண்டும்.

எலிச் சிற்றுண்ணியிலோ பாதி வேலை முழு வேலையைவிடத் தீங்கானது. எலிகளை மட்டும் கொன்றுவிட்டுக் கூடுகளை அப்படியே விட்டால், பசித்த சிற்றுண்ணிகள் பக்கத்தில் உறங்குவோரைத் தேடி வருகின்றன. கிட்டங்கியை ஒட்டிய வீடுகளில் எலி ஒழிப்புக்குப்பின் அரிப்புத் தோன்றினால், முதலில் எண்ண வேண்டியது இதைத்தான்.

எப்படி எழுதலாம்?

குறை மட்டும் கூறுவது நடுநிலை ஆகாது. மருத்துவரிடம் செல்லத் தூண்டுவதிலும், கண்ட களிம்பையும் பூசாதீர்கள் என்று எச்சரிப்பதிலும் நம் சிறுநூல்கள் நல்ல தொண்டு செய்கின்றன. எளிய நடையும் பாராட்டத்தக்கது. அவற்றுடன் இன்னும் சில செய்திகளைச் சேர்க்கலாம். அரிப்பு எங்கே உள்ளது: விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களிலா, ஆடை மூடாத இடங்களிலா? இரவில் மிகுகிறதா, வேலைக்குச் சென்றபின் மிகுகிறதா? வீட்டில் வேறு யாருக்கு உண்டு? கூரையில் புறாக்கூடோ, பரணில் எலிவளையோ உண்டா? இக்கேள்விகளுக்கான விடையுடன் செல்லும் நோயாளி, மருத்துவரின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுவார். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் கால்வரை பூசி, மருத்துவர் சொன்னபடி மறுமுறையும் பூச வேண்டும் என்பதையும், உயிர்கள் மடிந்த பின்னும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். இது தெரியாததால்தான் பலர் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி, நாள்தோறும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கின்றனர்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி ஒரு சிற்றுண்ணியின் படத்தைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்த வகை? உண்மை அளவு என்ன? எங்கே வாழ்வது? இம்மூன்றுக்கும் விடை தராத படம் அச்சத்தைத்தான் விற்கிறது. விடை தரும் படம் ஒரு வீட்டின் உறக்கத்தையே மீட்டுத் தரக்கூடும்.