ஆற்றின் பெயரும் அங்காடியின் பெயரும்

இணைய முகவரியில் இறுதிப் புள்ளிக்குப் பின்னே நிற்கும் சொல் சிறியதே. ஆயினும் அச்சொல்லைப் பெற்றவர், அதன்கீழ் அமையும் பெயர்கள் அனைத்திற்கும் அதிகாரியாகிறார். ‘அமேசான்’ என்னும் சொல்லை அவ்வாறு தனக்கென வேண்டி, அதே பெயர் தாங்கிய அமெரிக்க வணிக நிறுவனம் 2012இல் விண்ணப்பித்தது. பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. தம் மண்ணில் ஓடும் ஆற்றின் பெயர் ஒரு கடையின் தனியுடைமை ஆதல் தகாது என்பது அந்நாடுகளின் வாதம்.

பெயர்களைப் பங்கிடும் ஐக்கான் அமைப்பு 2014இல் விண்ணப்பத்தை மறுத்தது. 2019இல் அதே பெயரை நிறுவனத்திற்கே வழங்க இசைந்தது. இவ்விரண்டு முடிவுகளுக்கும் இடையே நிகழ்ந்தது ஆராயத்தக்கது. ஐக்கானுக்கு அறிவுரை கூறும் அரசாங்கங்களின் குழு 2013இல் மறுப்பைப் பரிந்துரைத்தது. காரணம் எதனையும் எடுத்துரைக்கவில்லை. 2017இல் வழக்கை ஆய்ந்த மூவர் குழு, பெரும்பான்மையால், இக்குறையைச் சுட்டியே நிறுவனத்தின் பக்கம் நின்றது. நல்ல வழக்கை நாடுகள் வாய்திறவாமையால் இழந்தன எனல் மிகையன்று.

எனினும் பிழை நாடுகளுடையது மட்டுமன்று. ஐக்கானின் விதிகள் நாட்டுப் பெயர்களுக்கும் தலைநகரப் பெயர்களுக்கும் காப்பளித்தன; ஆற்றின் பெயருக்கு அளிக்கவில்லை. விண்ணப்பக் கட்டணமோ 185,000 அமெரிக்க டாலர். வேறு எவரும் அப்பெயரைக் கேட்கவில்லை என்பது மெய்தான். கரைவாழ் பழங்குடியினர் எவ்வாறு கேட்டிருக்க இயலும்? வணிகக் குறியீட்டுப் பதிவு உடையவரையே உரிமையாளராகக் காணும் நெறி, பதிவில்லாத உரிமையைக் காண்பதே இல்லை.

அப்பெயரும் கிரேக்கக் கதையிலிருந்து ஐரோப்பியர் சூட்டியதுதானே எனச் சிலர் நகைக்கலாம். சூட்டியவர் யாராயினும், அப்பெயரால் வழங்கப்படுவது அங்குள்ள நீரும் காடும் ஆகும். நிறுவனமும் அவ்வாற்றின் பெருமை கருதியே அப்பெயரைத் தெரிந்துகொண்டது.

படகோனியா என்னும் ஆடை நிறுவனம் இதே நிலையில் நடந்துகொண்ட முறை வேறு. தென்னமெரிக்க நிலப்பகுதி ஒன்றின் பெயரான அச்சொல்லுக்கு அர்ஜென்டினா எதிர்ப்புத் தெரிவிக்கவே, 2013இல் அது தன் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது. விதி ஒன்றே, விளைவு மட்டும் விண்ணப்பித்தவரின் மனப்பாங்கைப் பொறுத்து மாறிற்று. இதனை முறை என்பதா, தற்செயல் என்பதா?

அமேசான் படுகையின் எட்டு நாடுகளும் இறுதிவரை வேண்டியது அப்பெயரின் நிருவாகத்தில் பங்கு. பண்பாட்டுத் தேவைக்கெனச் சில பெயர்களை ஒதுக்கிவைக்கும் உறுதிமொழியே அவற்றிற்குக் கிட்டியது.