ஒலித்துணுக்கும் பெயர்க்குறிப்பும்: ஒரு தாலாட்டை முன்வைத்து

முன்னரே பதிவான குரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தாளத்தின்மீது பொருத்தும் முறை மின்னணு இசையில் 'சாம்ப்ளிங்' எனப்படும். வெட்டியெடுத்த பகுதியை இங்கு ஒலித்துணுக்கு எனலாம். அக்குரலுக்குரியவர் பெயரைக் குறிப்பிடும் முறைமை, பெரும்பாலும் காப்புரிமைச் சிக்கலாகவே நோக்கப்படுகிறது. அது மொழி பற்றிய சிக்கலும் ஆகும் என்பதை ஒரு சான்றின்வழி விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

சாலமன் தீவுகளுள் ஒன்றான மலைட்டாவில், 1970ஐ ஒட்டி, அஃபுனாக்வா என்னும் பெண் பாடிய 'ரோரோக்வேலா' என்ற தாலாட்டை இசையியலாளர் ஊகோ செம்ப் பதிவு செய்தார். பாடலின் மொழி, ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்த பைகு. பதிவு 1973இல் யுனெஸ்கோ இசைத்தட்டு வரிசையில் வெளிவந்தது. 1992இல் 'டீப் ஃபாரஸ்ட்' என்னும் பிரெஞ்சு இரட்டையர் அக்குரலைத் தம் 'ஸ்வீட் லல்லபை' பாடலில் எடுத்தாண்டனர். இசைத்தொகுப்பின் குறிப்பில் யுனெஸ்கோவும் செம்ப்பும் சுட்டப்பெற்றனர், பாடியவர் சுட்டப்பெறவில்லை. தாம் இதற்கு இசைவளிக்கவில்லை எனச் செம்ப் 1996இல் எழுதினார்.

பெயர் விடுபட்டதன் விளைவுகள் நோக்கத்தக்கன. பெயரோடு மொழி மறைந்தது. மொழியோடு ஊர் மறைந்தது. 1996இல் நார்வே இசைக்கலைஞர் யான் கர்பாரெக், இதே மெட்டைப் 'பிக்மி லல்லபை' என்னும் தலைப்பில், ஆப்பிரிக்க மரபிசையாகக் கருதி வெளியிட்டார். பசிபிக் தீவின் பாடல் ஆப்பிரிக்கக் காட்டிற்குரியதாயிற்று. இப்பிழைகளின் வரலாற்றை ஸ்டீவன் ஃபெல்ட் 2000இல் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பொருளும் மறைந்தது. பெற்றோரை இழந்து அழும் தம்பியை, அதே இழப்புக்குள்ளான மூத்த பிள்ளை தேற்றுவதே இத்தாலாட்டு. ஒப்பாரிக்கு அண்மையில் நிற்கும் ஒரு பாடலுக்கு 'இனிய' என்னும் அடை சேர்ந்ததைப் பெயர்க்குறிப்பின்மையால் நேர்ந்த மொழிபெயர்ப்புப் பிழை எனலாம்.

ஒலித்துணுக்கில் குரல் வெறும் ஒலிநிறமே. ஆதலின் பெயர் வேண்டுவதில்லை என்பாருமுளர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. ஒலிநிறம் மட்டுமே தேவையெனின் எக்குரலும் பொருந்தும். தொல்குடியினர் குரல் என்பதே இத்தொகுப்பின் ஈர்ப்பாக முன்வைக்கப்பட்டது. இனத்தின் பெயரால் விற்கப்படும் குரலுக்கு ஆளின் பெயரை மறுப்பது முரணாகும்.

தைவானின் அமிஸ் மொழியினரான டிஃபாங், 'எனிக்மா' குழு தம் குரலை எடுத்தாண்டமைக்காக வழக்குத் தொடுத்தார். 1999இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும் வழக்காட இயன்றவர்க்கு மட்டும் கிட்டுவது முறைமையாகாது.

பிறர் குறையைச் சுட்டும் நம் துறையும் இதற்கு விலக்கன்று. 'தகவலாளர்க்கு நன்றி' என்னும் ஒரு தொடரில் எத்தனையோ பேச்சாளர்கள் அடங்கிப்போகின்றனர். என் முனைவர் பட்ட ஆய்வுக்கெனத் திரட்டிய ஒலிநாடா ஒன்றின் உறையில் ஊரும் நாளும் உள்ளன. பாடிய மூதாட்டியின் பெயர் இல்லை. இன்று அதனைக் கேட்டறிய வழியுமில்லை.

எனவே, பேசியவர் தம் பெயரை மறைக்க வேண்டினாலன்றி, பாடியவர் பெயர், பாடலின் மொழி, பாடற்பொருள் ஆகிய மூன்றும் பதிவு செய்பவராலேயே முதற்கண் குறிக்கப்பட வேண்டும். பதிவாளர் பெயர் அவற்றின் பின் வருதலே முறை. நாம் எழுதாது விட்ட பெயரைப் பின்னர் எடுத்தாள்பவர் எழுதுவார் என எதிர்பார்த்தல் இயலாது.