உத்தமத் தீர்வும் உண்பவர் நாவும்

செயற்பாட்டு ஆய்வு பற்றிய பாடநூல்களில், ஏகபரிமாண நிரலாக்கத்தை விளக்க 'உணவுப் பிரச்சினை' எடுத்தாளப்படுவது வழக்கம். ஜோர்ஜ் ஸ்ரிக்ளர் 1945 இல் வெளியிட்ட கட்டுரையே அதன் மூலம். 77 உணவுப் பண்டங்களிலிருந்து, ஒன்பது போசணைத் தேவைகளை மிகக் குறைந்த செலவில் நிறைவு செய்யும் சேர்க்கை யாது என்பதே அவர் எழுப்பிய வினா. 1939 ஆம் ஆண்டின் விலைகளின்படி ஓர் ஆணுக்கு ஆண்டொன்றுக்கு 39.93 டொலர் போதுமென அவர் கண்டார். கோதுமை மா 370 இறாத்தல், உலர்ந்த அவரை 285 இறாத்தல், கோவா 111 இறாத்தல், கீரை 23 இறாத்தல், ரின்பால் 57 பேணி. ஓராண்டு உணவு இவ்வளவே!

1947 இல் ஜோர்ஜ் டான்சிக்கின் சிம்பிளெக்ஸ் முறையால் இக்கணக்கு மீளச் செய்யப்பட்டது. ஒன்பது எழுதுவினைஞர் மேசைக் கணிப்பொறிகளுடன் 120 மனிதநாள் உழைத்துப் பெற்ற விடை 39.69 டொலர். வேறுபாடு 24 சதம். முறையின் வெற்றியைப் புகழ்வதோடு பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. ஸ்ரிக்ளர் கூற வந்ததோ வேறு. உணவியலாளர் அன்று வகுத்த மலிவுணவுத் திட்டங்கள் இதனிலும் மிகுந்த செலவுடையன. சுவை, வகை, வழக்கம் பற்றிய தம் சொந்த மதிப்பீடுகளை அவர்கள் விஞ்ஞானத்தின் பெயரால் உள்ளே நுழைத்தனர் என்பதே அவரது குற்றச்சாட்டு. தமது பட்டியலை எவரும் உண்ணவேண்டுமென அவர் பரிந்துரைக்கவில்லை.

அம்மதிப்பீடுகளை நீக்கினால் எஞ்சுவது யாது என்பதற்கு டான்சிக்கின் அனுபவமே சான்று. உடல் எடையைக் குறைக்க விரும்பிய அவர், வயிறு நிறைந்த உணர்வை உச்சப்படுத்துமாறு 1950களில் தமக்கே ஓர் உணவுத் திட்டம் கணித்தார். அதனை 1990 இல் நகைச்சுவையோடு எழுதியுமுள்ளார். பண்டத்தின் நிறையிலிருந்து நீரின் நிறையைக் கழித்தது அவரது குறிக்கோட் சார்பு. முதலில் வந்த விடையில் 500 கலன் வினாகிரி இருந்தது. தரவுகளில் வினாகிரியின் நீரளவு பூச்சியமெனக் குறிக்கப்பட்டிருந்ததே காரணம். அதை நீக்கியதும், நாளொன்றுக்கு 200 இறைச்சிச்சாற்றுக் கட்டிகள் வந்தன. உப்புக்கு மேலெல்லை எதுவும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. சில கட்டிகளைக் கரைத்துப் பருக முயன்ற பின்னரே அவ்வெல்லையின் தேவை உணரப்பட்டது.

இரு தடவையும் கணிப்பில் தவறில்லை. முகாமையாளரின் தீர்மானத்தில் பெரும்பகுதி, குறிக்கோளும் கட்டுப்பாடுகளும் எழுதப்படும்போதே முடிந்துவிடுகின்றது. பாடநூலோ அவ்விரண்டையும் அச்சிட்டே மாணவர் கையிற் கொடுக்கின்றது. அப்பயிற்சியில் தேறிய ஒருவர் பின்னர் மருத்துவமனைச் சமையற்கூடமொன்றின் செலவைக் குறைக்க அமரும்போது, நோயாளர் உண்ணாது ஒதுக்கும் உணவு அவரது சமன்பாடுகளில் எங்கே இடம்பெறும் என்பதை அந்நூல்கள் சொல்வதில்லை.