தரிசு என்ற பெயரில்

பின்தங்கிய நாடு முன்னேற, விளைநிலத்தைப் பிறநாட்டு மூலதனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடவேண்டும் என்பார் உளர். அவர்கள் மடகஸ்காரை நோக்குவார்களாக. 2008ஆம் ஆண்டில் தென்கொரியாவின் டேவூ லொஜிஸ்டிக்ஸ் கம்பனி அங்கே 13 இலட்சம் ஹெக்டேயர் நிலத்தை 99 ஆண்டுகளுக்குக் கோரிற்று. சோளமும் பாம் எண்ணெயும் விளைவிப்பது திட்டம். சோளம் செல்லவிருந்ததோ கொரியாவுக்கு. நிலவாடகை இல்லை, வேலையும் வீதியுமே கைம்மாறு எனப்பட்டது.

நிலம் தரிசு என்றார்கள். உறுதியில்லாத காணி உழவனில்லாத காணியாகிவிடுமா? பசியறிந்த நாட்டின் விளைச்சல் கப்பலேறுமாயின், உபரி எவர் கைக்குச் சேரும்? மக்களின் சினத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. 2009 மார்ச்சில் ஆட்சி கவிழ்ந்தது. புதிய ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. ஆயினும் அதனை ஈன்ற சிந்தனை மாளவில்லை. உழுபவனின் சம்மதமும் உணவில் அவனது பங்கும் எழுதப்படாத உடன்படிக்கையை வளர்ச்சி என்றழைக்க நாம் மறுக்கிறோம்.