சமூக வலைத்தளங்களும் ஆய்வாளர் பொறுப்பும்: ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஒரு நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திகன, தெல்தெனிய ஆகியவற்றைக் கடந்ததும் வருவது ஹுன்னஸ்கிரிய. தேயிலைத் தோட்டங்களைக் கொண்ட இம்மலைப் பகுதியைப் பற்றி எழுதப்படும் ஆய்வுகள் நீண்டகாலம் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் போன்ற இடங்களிலேயே தங்கிவிட்டன. 2008இல் தோன்றிய அக்கடமியா, றிசேர்ச்கேற் ஆகிய தளங்களும் முகநூலும் இந்நிலையைப் பெரிதும் தளர்த்தியுள்ளன. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் தம் ஊரைப் பற்றிய கட்டுரையைக் கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம். பிழை காணின் எழுதியவருக்கே சுட்டிக்காட்டலாம். இது முற்போக்கான மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இத்தளங்கள் யாருடைய உடைமை, எந்நோக்கில் இயங்குகின்றன என்னும் வினாக்களை நம் ஆய்வாளர் அரிதாகவே எழுப்புகின்றனர். இவை இலாபம் கருதும் தனியார் நிறுவனங்கள். முகநூலில் உணர்ச்சியைக் கிளறும் பதிவு விரைந்து பரவுகிறது. நிதானமான விளக்கம் பின்தங்கிவிடுகிறது. இதன் விளைவை மேற்கூறிய சாலையே கண்டது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கெதிராக வன்முறை மூண்டபோது, வெறுப்புப் பதிவுகள் அதற்கு எண்ணெய் வார்த்தன. அரசு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, இத்தளங்களைத் தற்காலிகமாக முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்திலேயே மன்னிப்புக் கோரியது.

இத்தகைய களத்திலிருந்து திரட்டிய பதிவுகளை 'மக்கள் குரல்' என ஆய்வாளர் கொள்வது எவ்வளவு பொருந்தும்? பதிவிடாதோர் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. கொழுந்து பறித்து மாலையில் லயனுக்குத் திரும்பும் பெண்ணின் மௌனம் எத்தேடலிலும் அகப்படாது. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் பாடல்களை அம்மக்களிடையே வாழ்ந்தே தொகுத்தார். திரையில் திரட்டும் தரவு அவ்வுறவுக்கு ஈடாகாது. மேலும், உறவினரும் நண்பரும் படிப்பதற்கென ஒருவர் எழுதியதை, அவர் அறியாமலே பெயருடன் மேற்கோளாக்குவது சுரண்டலின் இன்னொரு வடிவமே.

விருப்பக்குறிகளின் எண்ணிக்கை ஆய்வின் தரத்தை அளக்கும் கோலுமன்று. புகழைத் தேடும் அவசரத்தில், சரிபார்க்கப்படாத முடிவுகள் முன்கூட்டியே அரங்கேறுகின்றன. அவற்றைப் பின்னர் திருத்தினாலும், முதற் பதிவைப் பகிர்ந்த அனைவரையும் அத்திருத்தம் சென்றடைவதில்லை.

எனவே நாம் வலியுறுத்துவது வலைத்தளத் துறவை அன்று. பதிவை எடுத்தாளுமுன் உரியவரின் இசைவைப் பெறுதல் வேண்டும். களத்தில் நேரிற் சென்று சரிபார்த்தல் வேண்டும். முடிந்த ஆய்வை 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் போன்ற, இலாப நோக்கற்ற எண்ணிம ஆவணகத்தில் சேர்த்து, அம்மக்களுக்குப் புரியும் தமிழில் அவர்களிடமே திருப்பியளித்தல் வேண்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து பெற்ற அறிவு ஹுன்னஸ்கிரியவுக்குத் திரும்பாதவரை, ஆய்வாளர் அம்மக்களுக்குக் கடன்பட்டவரே.