பால் மரம் வந்த படம்

என் அம்மா படம் பார்க்கும்போது பேசவே மாட்டார். எம்.ஜி.ஆர். படமானாலும் சரி, சிவாஜி படமானாலும் சரி, கண்ணைத் திரையில் பதித்து உட்கார்ந்தால் கடைசி வரை ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்டவர் "செம்மண் சாலை" தொடங்கிப் பத்து நிமிஷம் ஆவதற்குள் என் கையைப் பிடித்து, "இது எந்தத் தோட்டம்பா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம சனங்க மாதிரியே பேசுறாங்களே" என்றார். அப்புறம் படம் முடிகிற வரை பேச்சு நிற்கவில்லை. தன் தோட்டம், தன் நிரை, தன் கூட்டாளிகள், யார் யார் எப்போது செத்தார்கள் என்று எல்லாமே வந்தது. நாற்பது வருஷமாக அவரோடு இருக்கிறேன். பாதிக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இப்படி ஒரு காரியத்தைச் செய்த படத்தைப் பற்றி நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

நாங்கள் சிலியாவ் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். நெகிரி செம்பிலானில் சிலியாவ், ரந்தாவ், லிங்கி, லாபு, பஹாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் ரப்பர்க் காடுதான். சம்பளம் போட்ட வாரத்தில் பள்ளிக்கூடத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். பொழுது சாயும் முன்பே பிள்ளைகள் பாயைக் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவோம். கச்சாங் பூத்தே பொட்டலம், கம்பளி, தூங்கிப்போகும் தம்பி தங்கைகள், ரீல் மாற்றும்போது எழும் கூச்சல் என்று அது எங்களுக்குத் திருவிழா மாதிரி. அத்தனை படம் பார்த்தும், திரையில் ஒரே ஒரு பால் மரத்தைக்கூட நான் பார்த்ததில்லை. தோட்டம் என்று வந்தால் அது ஊட்டித் தேயிலைச் சரிவாக இருக்கும், கதாநாயகி அங்கே பாடிக்கொண்டு வருவாள். திரைக்குப் பின்னால் இருட்டில் நின்ற நிஜ மரங்கள் ஒருநாளும் திரைக்குள் வந்ததில்லை.

அந்த மரங்களை 2005இல் திரைக்குள் கொண்டுவந்தவர் தீபக் குமரன் மேனன். "செம்மண் சாலை" அவருடைய முதல் முழுநீளப் படம். பெரிய ஃபிலிம் கேமரா கிடையாது, டிஜிட்டலில் எடுத்தது. ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். கதை 1960களில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. சாந்தா என்ற பெண் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க ஆசைப்படுகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஆசை அந்தக் காலத்துத் தோட்டத்து வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிற வீடு அது. பிள்ளைகள் பால் வாளி தூக்கும் வயசு வந்ததுமே வருமானக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைக் கேமரா அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மெதுவான படம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த மெதுவில்தான் அத்தனை அழகும் இருக்கிறது! தோட்டத்தில் நேரம் அப்படித்தான் போகும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டியதுதான். இந்த இயக்குநருக்கு அது தெரிந்திருக்கிறது. அழச் சொல்லி நம்மை அவர் தள்ளுவதில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்து ஒரு குடும்பத்தைப் பார்க்கிற மாதிரி உட்காரவைத்துவிடுகிறார்.

படம் முடிந்ததும் அம்மா சொன்னது இதுதான்: "நானும் ஆறாம் வகுப்புல முதல் பிள்ளைதாம்பா. வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டாரு. மறு வாரம் எனக்கு உளி வாங்கிக் குடுத்துட்டாங்க." இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதுவரை சொல்லாமல் வைத்திருந்தார்.

அந்தப் படத்தின் தட்டை ஒரு நண்பர் எனக்குக் கொடுத்தபோது, இப்படி ஒரு படம் வந்ததே எனக்குத் தெரியாது. வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்குப் போய்ப் பெயர் வாங்கிய படம், அது பிறந்த மண்ணில் என் காதுக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. நம் ஆட்கள் எடுத்த படம், நம்மைப் பற்றிய படம் எங்கே கிடைத்தாலும் தேடிப் பார்த்தேன்.

அப்படித்தான் "ஜகாட்" வந்தபோது காத்திருந்து பார்த்தேன். 2015 டிசம்பர் 17 அன்று திரைக்கு வந்தது, இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள். சிரம்பானில் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கோலாலம்பூருக்குப் போய்ப் பார்த்தேன். அந்த வாரத்திலேயே மறுபடியும் போனேன். இரண்டாவது முறை தம்பி மகனையும் கூட்டிப்போனேன்.

அந்தத் தலைப்பே என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. கெட்டவன் என்று அர்த்தம் தரும் "ஜாஹாட்" என்ற மலாய்ச் சொல் நம்மவர்கள் வாயில் "ஜகாட்" ஆனது. "அந்தப் பையன் ஜகாட்டாப் போயிட்டான்" என்று எத்தனை கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்போம்! எந்த அகராதியிலும் இல்லாத நம் சொல்லை ஒருவர் எடுத்துப் படத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார். டிக்கெட் கவுண்டரில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1990களின் தொடக்கம். தோட்டம் துண்டாடப்பட்டு, வேலை போய், புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்துவிட்ட ஒரு குடும்பம். பன்னிரண்டு வயது அப்போய், வாலுப் பையன், தலை நிறையக் கற்பனை உள்ளவன். அப்பா மணியத்துக்கு ஒரே வெறி, மகன் படிக்க வேண்டும். ஒரு சித்தப்பா துரை, குண்டர் கும்பலில் இருக்கிறவர். இன்னொருவர் பாலா, போதைப் பழக்கத்தில் விழுந்து எழுந்தவர். பையன் யாரைப் பார்த்து வளரப்போகிறான் என்பதுதான் படம்.

குபேன் மகாதேவன் நடித்த மணியத்தைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். அடிக்கிற அப்பா அவர். தமிழ்ப் படத்தில் அடிக்கிற அப்பா என்றால் ஒன்று கொடுமைக்காரர், இல்லை என்றால் கடைசிக் காட்சியில் கட்டிப்பிடித்து அழுகிறவர். மணியம் இரண்டும் கிடையாது. தோட்டத்தை விட்டு வந்த மனிதருக்குப் பிள்ளையைப் படிக்கவைப்பது தவிர வேறு வழியே தெரியவில்லை, அந்த வழியைப் பிள்ளைக்குக் காட்டவும் ரோத்தானைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. அவர் கை ஓங்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வந்தது, அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. ஹர்விந்த் ராஜ் என்ற சிறுவன்தான் அப்போய். அவன் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு இருக்கும். படம் போகப் போக அந்தச் சிரிப்பு மாறுவதைக் கவனியுங்கள். வசனத்தில் சொல்லாததை அந்த முகம் சொல்லிவிடும்.

இன்னொன்று பேச்சு. ஐயோ, அந்தப் பேச்சு! மலாயும் சீனமும் கலந்து, பாதியில் வெட்டி, "லா" போட்டு முடிகிற நம் தமிழ். மதுரைத் தமிழை மதுரைத் தமிழாகவும் கோவைத் தமிழைக் கோவைத் தமிழாகவும் படத்தில் கேட்டு ரசிக்கிற நாம், நம் தமிழைக் கேட்டால் மட்டும் ஏன் கூச வேண்டும்? "ஜகாட்" கூசவே இல்லை. அதற்காகவே சஞ்சய்க்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா வந்தது. மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தார்கள். மலாய்க் கலைஞர்களே முன்வந்து எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், அதை நாம் மறக்கக் கூடாது. கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது "ஜகாட்" கைக்கு வந்தது. அந்த இரவு எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். தமிழ் பேசுகிற படம், புறம்போக்குக் குடியிருப்புப் படம், நாட்டின் சிறந்த படம்!

அதே ஆண்டு ஜூலையில் "கபாலி" வந்து ஊரே திமிலோகப்பட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரஜினி நம் தோட்டத்துக் கதையைத் தொட்டார், நானும் விசிலடித்தேன். ஆனால் "கபாலி" பார்த்துவிட்டு நம் கதையைப் பேசியவர்களில் எத்தனை பேர் "ஜகாட்" பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து திரும்பும் ரயில் நீலாய், லாபு, தீரோய் வழியாகத்தான் சிரம்பான் வரும். முதல் நாள் படம் பார்த்துவிட்டு வரும்போது நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நான் சிறுபிள்ளையாய் ரயிலில் போன காலத்தில் கண்ணுக்கு எட்டியவரை ரப்பர் மரம். அப்புறம் செம்பனை. இப்போது வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள், தொழிற்சாலைகள். அங்கே இருந்த மணியங்கள் எல்லாம் எங்கே போயிருப்பார்கள் என்று அன்றுதான் யோசித்தேன்.

அதற்குப் பதில் மாதிரி ஒரு படம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. லெனின் பாரதி இயக்கிய "மேற்குத் தொடர்ச்சி மலை", 2018 ஆகஸ்டில் வெளியானது. விஜய் சேதுபதி தயாரித்தார், இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறார். மூட்டை சுமக்கிற மனிதர்களோடு நாமும் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த மலையில் நடப்போம். முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே பார்க்க வேண்டும். கடைசிக் காட்சியில் நான் எழுந்து நின்றுவிட்டேன். என் சித்தப்பா இருபது வருஷம் பால் வெட்டிய காட்டில் இன்று ஒரு தாமான் இருக்கிறது. அதன் நுழைவாயிலில் பாதுகாவலர் சீருடையோடு அவர்தான் பல வருஷம் தடுப்புக்கட்டையைத் தூக்கி இறக்கினார். தேனி மாவட்டத்து மலையில் எடுத்த படம் சிலியாவில் வந்து அடிக்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட படம்!

இன்னொரு படத்தைச் சொல்லாமல் விட முடியாது. அது ஆவணப்படம். நாடோடிகள் குழுவினர் 2014இல் கொண்டுவந்த சயாம்–பர்மா மரண ரயில்பாதை பற்றிய படம், குறிஞ்சி வேந்தன் இயக்கியது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானியர்கள் 1942–43இல் போட்டார்கள். அதில் வெள்ளைக்காரக் கைதிகள் பட்ட பாட்டைத்தான் உலகம் அறியும். அவர்களுக்காக ஹாலிவுட் 1957இலேயே "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" எடுத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே காலராவிலும் மலேரியாவிலும் செத்தார்கள். அங்கிருந்து உயிரோடு திரும்பிய முதியவர்களைத் தேடிப்போய், அவர்கள் வாயாலேயே பேசவைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். "சயாமுக்குப் போனாரு" என்பதோடு பாட்டி நிறுத்திக்கொள்வார். அங்கே என்ன நடந்தது என்பதை நான் அந்தப் படத்தில்தான் பார்த்தேன். பத்து வருஷம் தள்ளி எடுத்திருந்தால் பேச ஆள் இருந்திருக்க மாட்டார்கள். சரியான நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பிள்ளைகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்பீர்கள். தீபக்கின் இரண்டாவது படம் "சலங்கை", பிரிக்பீல்ட்ஸில் நடனம் கற்க ஆசைப்படும் ஒரு சிறுமியின் கதை. பிரகாஷ் ராஜாராமின் "வெண்ணிற இரவுகள்" 2014இல் வந்த காதல் படம், அதில் வரும் மியான்மர் காட்சிகளுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். பக்கத்துச் சிங்கப்பூரில் எரிக் கூ என்ற சீன இயக்குநர் தமிழிலேயே எடுத்த "மை மேஜிக்" 2008இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கே போனது. குடிகார அப்பனையும் அவன் பிள்ளையையும் பற்றிய படம். கைக்குட்டையோடு உட்காருங்கள்.

அம்மா இப்போது "செம்மண் சாலை"யை நாலு முறை பார்த்துவிட்டார். போன தீபாவளிக்குப் பேத்திகளை உட்காரவைத்து அவரே போட்டுக் காட்டினார். படம் ஓட ஓட, மங்கு எது, ஒட்டுப்பால் எது, காண்டாக் கம்பில் வாளியை மாட்டி எப்படித் தோளில் வைப்பது என்று எழுந்து நின்று செய்து காட்டினார். தொலைபேசியை விட்டுக் கண்ணெடுக்காத சின்னவள் அதைக் கீழே வைத்துவிட்டு, "பாட்டி, இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள்.

உங்கள் வீட்டிலும் பால் வெட்டிய கை ஒன்று இருக்கலாம். இந்த வாரமே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தப் படங்களில் ஒன்றைப் போடுங்கள். அடுத்து ஓர் உள்ளூர்த் தமிழ்ப் படம் திரைக்கு வரும்போது, நல்லா இருக்கா என்று நாலு பேரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் முதல் இரண்டு நாளிலேயே குடும்பத்தோடு போய்விடுங்கள். மறு வாரம் போனால் அந்தப் படம் அங்கே இருக்காது.